ட்ரயலுக்கு ஹிமாலயன் எடுத்துட்டுப் போலாமா?

ஜனவரி 13, இரவு 10.52 (கேள்வி)

அண்ணா எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்துல ஹடர்ஸ்ஃபீல்டுக்கு வேலைக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. செகண்ட்ஹேண்ட்ல ஹிமாலயன் 411 பைக் ஒண்ணு எடுத்திருக்கேன். ஆபீஸ்ல ஒருத்தர் ஞாயித்துக்கிழமை ஆனா பைக்க வேன்ல ஏத்திட்டு "ட்ரயல்"னு எங்கயோ கிளம்பிடுறார். ஆஃப்ரோட் ரேஸ்னு நினைக்கிறேன். ஊர்ல கொல்லிமலை, ஏற்காடு எல்லாம் ஓட்டுன கை, பயம் இல்ல. ஹிமாலயன்லயே கலந்துக்கலாமா? கிளப்ல சேரணுமா? போனவங்க யாராச்சும் சொல்லுங்க.

ஜனவரி 14, காலை 8.10 (பதில்)

நைட் டியூட்டி முடிச்சு பஸ்ல உக்காந்து டைப் பண்றேன், பிழை இருந்தா விட்ருங்க.

ரேஸ் இல்லைங்க. பொங்கலுக்கு நம்ம பக்கம் ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பாங்கல்ல, கால் கீழ வச்சா அவுட்டு, கடைசியா வர்றவன் ஜெயிச்சவன், அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி இது. என்ன, சுண்ணாம்புக் கோடு போட்ட கிரவுண்டுக்குப் பதிலா ஓடை, பாசி புடிச்ச பாறை, மரவேரு, சேறு. அதுல ஒரு சின்னத் துண்டு இடத்த ரிப்பன் கட்டிப் பிரிச்சு வச்சிருப்பாங்க, அதான் செக்ஷன். சிவப்பு அம்பு வலது பக்கம் இருக்கணும், நீலம் இடது பக்கம். நடுவுல வரணும். ஒருதடவை கால் ஊனுனா 1, ரெண்டு தடவைக்கு 2, மூணோ முப்பதோ எத்தனை தடவை ஊனுனாலும் 3. விழுந்தாலோ ரிப்பனத் தாண்டுனாலோ பின்னாடி உருண்டாலோ 5. கால் வைக்காம வெளிய வந்தா சைபர், அதுக்கு "கிளீன்"னு பேரு. சாதாரண கிளப் ட்ரயல்ல பத்து செக்ஷன், நாலு ரவுண்டு. கடைசில கூட்டிப் பாத்து கம்மியா வாங்குனவன் ஜெயிச்சான். பள்ளிக்கூடத்துல நான் வாங்குன மார்க்குக்கு இதுதான் சரியான விளையாட்டுன்னு நினைச்சுதான் போனேன். முதல் நாள் 200க்கு 163 வாங்குனேன்.

ஹிமாலயன் 199 கிலோ. இதுக்குன்னு செய்யுற பைக் 70 கிலோ சொச்சம், சீட்டே கிடையாது, உக்காரவே மாட்டாங்க. உங்க வண்டிய ஓடைக்குள்ள இறக்கிடலாம். ஏத்துறதுக்கு நாலு பேரும் ஒரு கயிறும் வேணும்.

ஜனவரி 14, இரவு 9.35

தூங்கி எந்திரிச்சு படிச்சுப் பாத்தேன், ஒரு முக்கியமான விஷயத்த விட்டுட்டேன். எட்டு மாசம்னு சொன்னீங்க. இந்தியா லைசென்ஸ் இங்க குடியேறுன நாள்ல இருந்து 12 மாசத்துக்குத்தான் செல்லும். பைக் மட்டும் இல்ல, கார், வேன் எல்லாத்துக்கும் அதே கணக்கு. உங்களுக்கு இன்னும் நாலே மாசம். பைக்குக்கு முதல்ல சி.பி.டி.ங்குற அடிப்படைப் பயிற்சி, அப்புறம் தியரி, அப்புறம் ஓட்டிக் காட்டுற டெஸ்ட் ரெண்டு, மாட்யூல் 1, மாட்யூல் 2. வயசு 24 தாண்டியிருந்தா நேரா ஃபுல் லைசென்ஸுக்குப் போலாம். டெஸ்ட் தேதி கேட்ட உடனே கிடைக்காது. இன்னிக்கே உக்காந்து புக் பண்ணுங்க, ட்ரயல் எங்கயும் ஓடிப் போயிடாது.

நான் என்ன பண்ணேன்னா, பதினொண்ணாவது மாசம் வரைக்கும் சும்மா இருந்துட்டு அப்புறம் அஞ்சு மாசம் பஸ்ல போனேன். பல்லடத்துல பதினெட்டு வருஷம் வண்டி ஓட்டுனவன், இங்க கோன் வச்சு எட்டு போடச் சொன்னப்ப கால ஊனிட்டேன். அப்பவே தெரிஞ்சிருக்கணும் 163 வரும்னு.

ஜனவரி 16, மாலை 6.05

"தனியார் நிலத்துல ஓட்டுறதுக்கு லைசென்ஸ் எதுக்கு"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். சரிதான். முழுக்க ஒரே பண்ணைக்குள்ள நடக்குற ட்ரயலுக்கு ரோடு லைசென்ஸ் தேவையில்ல. ஆனா பழைய பாணி ட்ரயல்ல ஒரு செக்ஷன்ல இருந்து இன்னொண்ணுக்குப் போற வழியில ரோடு வரும், அதுல நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், எம்.ஓ.டி.ங்குற வண்டி தகுதிச் சான்று எல்லாம் வேணும். அதனால நுழைவுப் படிவத்துக்கு முன்னாடி விதிமுறைத் தாள படிங்க. கிளப்ல சேரணும், அது ஒண்ணும் பெரிய காசு இல்ல. பெரும்பாலும் ஏ.சி.யூ.ன்னு ஒரு சங்கத்துக்குக் கீழ வரும், 1903ல ஆரம்பிச்சது.

ஜனவரி 19, இரவு 11.40

என்ன பைக் வாங்குறதுன்னு தனியா கேட்டதுக்கு இங்கயே சொல்லிடுறேன். பீட்டா, கேஸ் கேஸ், ஷெர்கோ, டி.ஆர்.எஸ்., மோண்டேசா, இதுல எது நல்ல நிலைமைல கிடைச்சாலும் சரி. மோண்டேசா ஹோண்டா கம்பெனி வண்டி, ஃபோர் ஸ்ட்ரோக், விலை கூட. நான் எடுத்தது பழைய பீட்டா, 2,600 பவுண்டு. 300 சிசி எடுங்க, ஏத்தத்துல இழுவை இருக்கும்.

ஜனவரி 20, காலை 10.15

நேத்து ராத்திரி சொன்ன 300 சிசிய அழிச்சிடுங்க. 300ல ஓட்டுறது நான்தான், அந்த ஆக்சிலேட்டர் பயத்துல ரெண்டு வருஷம் கிளட்ச்ச விடாம புடிச்சிட்டே பழகிட்டேன், அது தப்பான பழக்கம்னு எங்க கிளப் தாத்தா வாராவாரம் திட்டுறார். 250 போதும். ஒல்லியா இருந்தா 200 கூடப் போதும். நான் 300 வாங்குனதுக்குக் காரணம் பக்கத்து வீட்டுக்காரர் விலைய குறைச்சார், அவ்வளவுதான். காரணம் சொல்றப்ப இழுவை கிழுவைன்னு பின்னாடி சேத்துக்கிட்டேன்.

ஜனவரி 20, காலை 10.22

இன்னொண்ணு. டயர் காத்து. முதல் தடவை பெட்ரோல் பங்க்ல நிறுத்தி ஊர்ப் பழக்கத்துல பின்னாடி 28 அடிச்சிட்டுப் போனேன். மேல சொன்ன தாத்தா டயர கட்டை விரலால அமுக்கிப் பாத்தார், என் மூஞ்சியப் பாத்தார், ஒண்ணும் சொல்லாம வால்வ அமுக்கிக் காத்த இறக்க ஆரம்பிச்சார். இறங்குது, இறங்குது, நின்னபாடில்ல. பின்னாடி நாலு பி.எஸ்.ஐ., முன்னாடி அஞ்சு ஆறு. கையால அமுக்குனா பழுத்த கொய்யா மாதிரி உள்ள போகும். அப்பதான் பாறைய டயர் கவ்வும்.

ஜனவரி 27, இரவு 8.50

கோவைக்காரர் ஒருத்தர் "இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, நம்மாளுக்கு என்ன சம்பந்தம்"னு போட்டிருக்கார். சம்பந்தம் நீங்க நினைக்கிறத விட பழசுங்க. புல்லட்டு இருக்குல்ல, நம்ம ஊருக்கு வந்த புல்லட்டு, அது ஊருக்குள்ள டுபுடுபுன்னு போறதுக்கு முன்னாடி வெளிய தல காட்டுனதே ட்ரயல்ல தான். 1948ல கோல்மோர் கப் ட்ரயல்ல. அப்ப எல்லாரும் பின்னாடி சஸ்பென்ஷனே இல்லாத வண்டிதான் ட்ரயலுக்கு லாயக்குன்னு நம்புன காலம். புல்லட்டு பின்னாடி ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் போட்டுக்கிட்டு வந்து நின்னுச்சு, சிரிச்சிருப்பாங்க. அதே வருஷம் இத்தாலில சான் ரேமோவுல நடந்த சர்வதேச ஆறு நாள் ட்ரயல்ல அதுல தங்க மெடல் வாங்குனாங்க. அப்புறம் ஜானி பிரிட்டன்னு ஒருத்தர், ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரயல 1952லயும் 1957லயும் ராயல் என்ஃபீல்டுல ஜெயிச்சார். அவர் ரெண்டு வெற்றிக்கு நடுவுல, 1955ல மெட்ராஸ்ல கம்பெனி தொடங்கி, 1956ல திருவொத்தியூர்ல புல்லட் செய்ய ஆரம்பிச்சாச்சு. இங்கிலாந்துக் கம்பெனி மூடிட்டுப் போன பிறகும் திருவொத்தியூர் ஓடுச்சு. 2019ல "புல்லட் ட்ரயல்ஸ்"னு பச்சை பிரேம், சிவப்பு பிரேம்ல விட்டாங்களே, ஸ்டைலுக்குன்னு நினைச்சிருப்பீங்க, அது இந்தக் கதைதான்.

எங்க கிளப்ல இத நான் சொல்லல, அவங்கதான் எனக்குச் சொன்னாங்க. "நீ மெட்ராஸா, புல்லட் ஊரா"ன்னு. நான் மெட்ராஸ் இல்ல பல்லடம், ஐநூறு கிலோமீட்டர் தள்ளின்னு சொல்லிப் பாத்தேன். ஒத்துக்கல. இப்ப நான் மெட்ராஸ்காரன்.

பிப்ரவரி 4, இரவு 7.30

இன்னிக்கு ட்ரயல்ல ஓட்டல, அப்சர்வரா நின்னேன். விரல் இன்னும் மரத்துதான் இருக்கு.

கேள்வி கேட்டவருக்கு நான் ஜனவரிலயே சொல்லியிருக்க வேண்டியது இதுதான். முதல்ல ஓட்டப் போகாதீங்க, அப்சர்வரா போங்க. ஒவ்வொரு செக்ஷனுக்கும் ஒரு ஆள் நின்னு யார் எத்தனை தடவை கால் வச்சாங்கன்னு பாத்து எழுதணும். சம்பளம் கிடையாது. பத்து செக்ஷன்னா பத்து ஆள். அந்தப் பத்து பேர் கிடைக்கலன்னா ட்ரயலே நடக்காது, நூறு பேர் வேன்ல பைக்கோட வந்து நின்னாலும். எங்க கிளப்ல ஓட்டுறதுக்கு ஆள் வரிசைல நிக்கும், மார்க் அட்டைய புடிக்க ஆள் கிடைக்காது. கல்யாணத்துக்குச் சாப்பிட வர்றவன் ஆயிரம், பந்தி பரிமாற நாலு பேரு.

ஆனா நின்னு பாத்தாதான் விளையாட்டு புரியும். ஒரே பாறை, எண்பது பேர் வர்றாங்க. மொத ஆள் இடது பக்கமா போய் 5. ரெண்டாவது ஆள் அதப் பாத்துட்டு வலது பக்கம் போய் 3. பத்து பேர் போன பிறகு ஈரம் போய் பாறைல தடம் காயும், அப்ப வர்றவனுக்கு சுளுவு. மழை தூறுனா எல்லாம் தலைகீழ். பதினாலு வயசுப் பொண்ணு ஒருத்தி பாறைக்கு முன்னாடி வண்டிய நிறுத்திட்டு இறங்கி நடந்து போய், குச்சியால தண்ணி ஆழம் பாத்து, ஒரு கல்ல காலால ஆட்டிப் பாத்துட்டுத் திரும்பி வந்து ஓட்டுனா, கிளீன். அவ பின்னாடியே வந்த மீசைக்காரர் நடந்து பாக்காம நேரா விட்டார், ஹேண்டில்பாரத் தாண்டி ஓடைல விழுந்தார். மூணு வருஷம் ஓட்டி நான் கத்துக்காதத அந்தப் பொண்ணு குச்சியோட நின்ன அரை நிமிஷத்துல கத்துக்கிட்டேன்.

எடுத்துட்டுப் போக வேண்டியது: ரெண்டு ஜோடி சாக்ஸ், ஃபிளாஸ்க், மடக்கு நாற்காலி, பென்சில். பேனா வேண்டாம், மழைல எழுதாது. இத நான் பேனாவோட போய்த் தெரிஞ்சுக்கிட்டேன்.

பிப்ரவரி 5, காலை 7.55

திருத்தம். ஸ்லோ சைக்கிள் ரேஸ்னு உவமை சொன்னேன்ல, முழுசா பொருந்தாது. சைக்கிள் ரேஸ்ல மெதுவா போனா ஜெயிப்பு. இங்க மெதுவா போனதுக்கு மார்க் எதுவும் இல்ல. அதுவும் போக, விதி ரெண்டு வகை இருக்கு. ஒண்ணுல செக்ஷனுக்குள்ள வண்டி நின்னாலே 5. இன்னொண்ணுல கால் வைக்காம பேலன்ஸ்ல நின்னுக்கலாம், பெரிய ஆளுங்க பின் சக்கரத்த தூக்கி தூக்கி வச்சு வளைவாங்க, சர்க்கஸ் மாதிரி. எது நல்லதுன்னு கிழவனுங்க நாப்பது வருஷமா சண்டை போடுறாங்க. அப்சர்வருக்கு முதல் விதி தலைவலி. "நான் நிக்கவே இல்ல"ன்னு ஒவ்வொருத்தனும் சொல்வான். நம்ம ஊர் எல்.பி.டபிள்யூ. சண்டை மாதிரியேதான்.

பிப்ரவரி 18, இரவு 10.00

ஹிமாலயன வச்சு என்னதான் பண்றதுன்னு பாவம் மறுபடி கேட்டிருக்கார். ட்ரெயில் ரைடிங் போங்க. பேரு ஒரே மாதிரி இருக்கும், ரெண்டும் வேற. ட்ரயல்ல ஒரு பாறைக்கு ஒரு மணி நேரம் யோசிக்கலாம். ட்ரெயில்ங்குறது பழைய மண் பாதைல நாள் முழுக்க ஊர் ஊரா போறது, போட்டி கிடையாது, மார்க் கிடையாது. இங்க "கிரீன் லேன்"னு சொல்வாங்க. அதுக்கு உங்க ஹிமாலயன் பாந்தமா இருக்கும், டயர மட்டும் மாத்துங்க.

ஆனா மண் பாதைய பாத்த உடனே இறங்கிடக் கூடாது. குதிரை வண்டி போன பாதைன்னா மோட்டாரும் போலாம்ங்குற பழைய கணக்க 2006ல நெர்க்ங்குற கிராமப்புறச் சட்டம் வந்து நிறுத்திருச்சு, நிறைய பாதைல மோட்டார் உரிமை போச்சு. மிச்சம் இருக்குறது "எல்லா வாகனத்துக்கும் திறந்த பைவே"ன்னு பதிவானதும், கவுன்சில் கணக்குல வகைப்படுத்தாத ரோடுன்னு இருக்குறதுல சிலதும்தான். அதுலயும் தடை உத்தரவு போட்டு மூடுனது உண்டு, பீக் டிஸ்ட்ரிக்ட்ல சாப்பல் கேட் மாதிரி. மேப்ல கோடு இருக்குன்னு மட்டும் நம்பிப் போகாம அந்தக் கவுன்சில் ஆவணத்துல பாக்கணும். இந்த வேலைய எல்லாம் நமக்காகப் பாக்குறதுக்குத்தான் டி.ஆர்.எஃப். இருக்கு, ட்ரெயில் ரைடர்ஸ் ஃபெலோஷிப், 1970ல தொடங்குனது. அவங்க உள்ளூர்க் குழுவோட போங்க.

ஸ்காட்லாந்துக்கு இந்தக் கணக்கு கிடையாது, அங்க சட்டமே வேற. குழப்பிக்காதீங்க.

பிப்ரவரி 18, இரவு 10.40

குழுவா போறப்ப ஒரு முறை இருக்கு. திருப்பம் வந்தா ரெண்டாவதா வர்றவர் அங்கயே நின்னு வழி காட்டணும், கடைசி ஆள் வர்ற வரைக்கும் அசையக் கூடாது. கடைசி ஆளுக்கு ஆரஞ்சு ஜாக்கெட்.

நான் முதல் தடவை நின்ன திருப்பத்துல ஆரஞ்சு ஜாக்கெட் வந்துச்சு, கைய காட்டிட்டு நான் பின்னாடியே கிளம்பிட்டேன். அரை மணி கழிச்சு டீக்கடைல எண்ணுனா ரெண்டு பேரக் காணோம். நான் பாத்த ஆரஞ்சு எங்க ஆள் இல்ல, அவர் பாட்டுக்கு அந்த வழியா வேலைக்குப் போய்ட்டு இருந்த வேலி கட்டுறவர், குவாட் பைக்ல. எங்க ரெண்டு பேரும் நேரா போய் ஒரு பண்ணை வாசல்ல நின்னு, நாய்க்குப் பயந்து வண்டிய விட்டு இறங்காம ஒரு மணி நேரம். நாலு சக்கரம் எது ரெண்டு சக்கரம் எதுன்னு தெரியாத ஒருத்தன்னு இன்னிக்கும் எனக்குப் பேரு. நைட் டியூட்டி முடிச்சு தூங்காம போனேன்னு காரணம் சொன்னேன், அதுக்கு இன்னும் கூட திட்டு விழுந்துச்சு. நியாயம்தான். இப்பெல்லாம் நைட்டு முடிச்சா போறதில்ல, ஷிஃப்ட் மாத்திக்கிறேன், இல்ல விட்டுடுறேன்.

வழில வேலிக் கதவு இருந்தா எப்படி இருந்துச்சோ அப்படியே விடுங்க, மூடியிருந்தா மூடிடுங்க. குதிரை வந்தா ஓரம் கட்டி இன்ஜின ஆஃப் பண்ணிடுங்க. குதிரைல வர்ற அம்மா சிரிச்சுட்டுப் போனா அந்தப் பாதை இன்னும் பத்து வருஷத்துக்குத் திறந்திருக்கும்.

மார்ச் 10, மாலை 4.20

வேன் பத்தி. ஒருத்தர் "டிரெய்லர் வாங்கலாமா வேன் வாங்கலாமா"ன்னு கேட்டதுக்கு மூணு வாரமா பதில் போடல, ஏன்னா எனக்கே கேவலமா இருந்துச்சு. சொல்லிடுறேன்.

போன வருஷம் வடக்க போறப்ப ஏ1 ரோட்டுல ஸ்காட்ச் கார்னர் ரவுண்டானால திரும்புறேன், பின்னாடி டமார்னு சத்தம். பைக்கக் கட்டுற ராட்செட் பட்டை ரெண்டுல ஒண்ண மாட்டி இழுத்திருக்கேன், இன்னொண்ண மாட்டுனேன், இழுக்க மறந்துட்டேன். பைக் சாஞ்சு பெட்ரோல் மூடி வழியா கசிஞ்சு, வேன் பூரா பெட்ரோல் வாடை. கூட வந்தவரோட தூங்குற பை அதுல ஊறிப் போச்சு. மூணு ராத்திரி டென்ட்டுல அவர் பக்கத்துல யாரும் சிகரெட் பத்த வைக்கல.

அதனால: முன் ஃபோர்க் பாதி அமுங்குற அளவுக்கு ரெண்டு பக்கமும் சமமா இழுங்க, பின் சக்கரத்துக்குத் தனியா ஒரு பட்டை, பெட்ரோல் குழாய மூடுங்க, பத்து மைல் போய் நிறுத்தி மறுபடி இழுத்துப் பாருங்க. பட்டை தளரும். பெட்ரோல் கேன உள்ள வச்சுக்கிட்டு யாரும் படுக்காதீங்க.

இன்னொரு சங்கதி, யாரும் சொல்லித் தர மாட்டாங்க. வேனுக்கு வேக வரம்பு காருக்குச் சமம் இல்ல. ஒத்தை ரோட்டுல கார் 60ன்னா வேன் 50, டூயல் கேரேஜ்வேல கார் 70ன்னா வேன் 60. மோட்டார்வேல மட்டும் ரெண்டும் 70. வீட்டுக்கு லெட்டர் வந்துதான் எனக்குத் தெரிஞ்சுது.

மார்ச் 10, மாலை 4.31

டிரெய்லரா வேனான்னு கேட்டதுக்கு பதிலே சொல்லல பாருங்க. வேன். மழைல உள்ள உக்காந்து பூட்ஸ் மாட்டலாம்.

ஏப்ரல் 2, இரவு 9.15

ரேஸ் இல்லைன்னு முதல் பதில்லயே அடிச்சுச் சொன்னேன். நாம இருக்குற இந்த யார்க்ஷையர்ல உக்காந்துக்கிட்டு அப்படிச் சொன்னதுக்கு எங்க கிளப்ல தெரிஞ்சா உறுப்பினர் அட்டைய புடுங்கிடுவாங்க. ஸ்காட் ட்ரயல்னு ஒண்ணு இருக்கு, பேரப் பாத்து ஸ்காட்லாந்துன்னு நினைக்காதீங்க. ஷிப்லில மோட்டார்சைக்கிள் செஞ்ச ஆல்ஃப்ரெட் ஸ்காட்டுங்குறவர் பேரு. 1914ல தன்னோட தொழிலாளிகளுக்கு ஒரு சவால் விட்டார், ஃபேக்டரில இருந்து டேல்ஸ் மலை வழியா பர்ன்சால் வரைக்கும் போய்க் காட்டுங்கடான்னு. 14 பேர் கிளம்பி 9 பேர் போய்ச் சேந்தாங்க. அது இன்னமும் நடக்குது, இப்ப ரிச்மண்ட் பக்கம், அக்டோபர்ல. அதுல கால் வச்ச மார்க்கும் உண்டு, நேரமும் உண்டு. யார் வேகமா முடிச்சாரோ அவர் நேரம்தான் அளவு, அவருக்குப் பின்னாடி வர்ற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு மார்க் ஏறும். வேகமா போனா கால் வைக்கணும், கால் வைக்காம போனா நேரம் போகும். சதுப்பு நிலத்துல இடுப்பளவு புதைஞ்சு கிடக்குற ஆளுங்கள நானே கயித்தப் போட்டு இழுத்திருக்கேன். பரிசு பெரிய கோடி ரூபா இல்ல, ஒரு வெள்ளி ஸ்பூன். அந்த ஸ்பூனுக்கு அம்பது வயசு ஆளுங்க அழறதப் பாத்திருக்கேன்.

அதனால சொன்னத மாத்திக்கிறேன்: பெரும்பாலும் ரேஸ் இல்ல.

மே 12, இரவு 11.20

ஃபோர்ட் வில்லியம் போய்ட்டு வந்தாச்சு. ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரயல். மே மாசத் தொடக்கத்துல வரும். 1938ல இருந்து ஃபோர்ட் வில்லியம்தான் இதுக்கு வீடு. நான் ஓட்டல, ஓட்டவும் முடியாது. நுழைவே குலுக்கல்ல தான். ரெண்டு நாள் வேடிக்கை, மூணு நாள் அட்டையப் புடிச்சேன்.

லீட்ஸ்ல இருந்து ஏ1, ஏ66, எம்6, எம்74, கிளாஸ்கோ, அப்புறம் ஏ82. லோமண்ட் ஏரிய ஒட்டி ரோடு குறுகுது, எதிர்ல சுற்றுலா பஸ் வர்றப்ப வேன் கண்ணாடிய மடக்கிக்கணும் போல இருக்கும். ரானக் மூர் தாண்டி கிளென்கோ இறங்குறப்ப வேன்ல யாரும் பேசல. நம்ம வால்பாறை ஏறுறப்ப பஸ்ல ஒரு அமைதி வரும்ல, அந்த மாதிரி. வழில நாலு தடவை இறங்கிப் பட்டைய இழுத்துப் பாத்தேன், கூட வந்தவர் (அதே தூங்குற பைக்காரர்) ஒவ்வொரு தடவையும் கூடவே இறங்கி வந்து பாத்தார். நம்பிக்கை போச்சுன்னா போச்சுதான்.

ஒரு நாளைக்கு 30 செக்ஷன், வழி 100 மைல் வரைக்கும் இருக்கும், அப்படி ஆறு நாள். சீட் இல்லாத வண்டில நின்னுக்கிட்டே. ராத்திரி வண்டிய எல்லாம் ஒரே இடத்துல பூட்டி வச்சிருவாங்க, காலைல அவங்கவங்க நேரம் வந்தாதான் கை வைக்க முடியும். சங்கிலி தளர்ந்திருச்சுன்னு ராத்திரி பூரா தூங்காம கிடந்தவர் ஒருத்தர் எங்க பக்கத்து டென்ட்.

கின்லாக்லெவன்ல "பைப்லைன்"னு ஒரு ஏத்தம். மேல பிளாக்வாட்டர் அணைல இருந்து தண்ணி இறங்குற ராட்சசக் குழாய்க்குப் பக்கத்துலயே, கல்லா கொட்டிக் கிடக்குற செங்குத்து. ஜனம் ரெண்டு பக்கமும் திருவிழா மாதிரி நிக்குது. ஒருத்தர் பாதில ஆடுனா மொத்தக் கூட்டமும் "ஓ"ன்னு சேந்து ஆடுது. கிளீன் போனா கைதட்டல் மலைல மோதித் திரும்புது. எங்க பக்கத்து ஊரு சில்ஸ்டன், லாம்ப்கின் குடும்பம். 1975ல முதல் உலக ட்ரயல்ஸ் சாம்பியன் மார்ட்டின் லாம்ப்கின், அவர் மகன் டக்கி 1997ல இருந்து 2003 வரைக்கும் தொடர்ந்து ஏழு தடவை உலக சாம்பியன், இந்த ஆறு நாள் ட்ரயலயே பத்து தடவைக்கு மேல ஜெயிச்சவர். 2016ல ஐல் ஆஃப் மேன் தீவுல டி.டி.ங்குற பைக் ரேஸ் நடக்குற பாதை முழுக்க, 37 மைலுக்கு மேல, பின் சக்கரத்துலயே போனார். எங்க கிளப் ஆளுங்க இதச் சொல்றப்ப ஏதோ அவங்களே ஓட்டுன மாதிரி சொல்வாங்க. நானும் இப்ப அப்படித்தான் சொல்றேன்.

எனக்கு மனசுல நின்னது அவங்க யாரும் இல்ல. வியாழக்கிழமை, மழை, என் செக்ஷனுக்குக் கடைசியா வந்தவர் அறுபது தாண்டியிருக்கும். கை நடுங்குது, குளிர்லயா களைப்புலயா தெரியல. ஏத்தத்துல மூணு தடவை விழுந்து எந்திரிச்சார். ஒண்ணு விழுந்தாலே 5, அதுக்கு மேல மார்க் கிடையாது, அப்படியே ஓரமா உருட்டிட்டுப் போயிருக்கலாம். போகல. மேல ஏறி வந்து ஹெல்மெட்டத் தூக்கி "எவ்வளவு போட்ட"ன்னார். அஞ்சுன்னேன். "சரியா போட்ருக்க"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டார். எனக்கு அட்டைல எழுதுறதுக்கு ஒரு நிமிஷம் ஆச்சு.

மே 13, காலை 8.02

வியாழன் இல்ல, வெள்ளி. நாள் குழம்பிடுச்சு, ஒரு வாரமா குளிச்சதே ரெண்டு தடவைதான்.

ஜூன் 9, இரவு 8.45

கேள்வி கேட்ட தம்பி கடைசில வந்துட்டான். ஆமா, நேர்ல பாத்தாச்சு, இனி "நீங்க" கிடையாது. சிவகாசிக்காரன். தியரி பாஸ், மாட்யூல் 1 ரெண்டாவது தடவைல பாஸ், மாட்யூல் 2க்கு தேதி வாங்கியிருக்கான், ஹிமாலயன் அதுவரைக்கும் ஷெட்டுல. என் வேன்லதான் வந்தான். அப்சர்வராத்தான். ஏழாவது செக்ஷன குடுத்தோம், ஓடைய குறுக்க கடந்து வேர் மேல ஏறி ரெண்டு மரத்துக்கு நடுவுல திரும்பணும்.

மூணு ரவுண்டு எனக்கு 1, 2, 1. வாழ்க்கைலயே நல்லா ஓட்டுன நாள். நாலாவது ரவுண்டுல கால் வைக்காம மரம் வரைக்கும் போய்ட்டேன், திரும்புறப்ப வண்டி ஒரு நொடி... நான் நிக்கலைன்னு சொல்றேன். அவன் நின்னுச்சுங்குறான். நாங்க ஓட்டுறது நின்னா அஞ்சுங்குற விதி. "அண்ணா, அஞ்சு"ன்னு பென்சில்ல எழுதிட்டான். வேன்ல கூட்டிட்டு வந்தது நான், சோறு கட்டிக் குடுத்தது என் வீட்டுக்காரம்மா, மூணு மணி நேரம் விதி சொல்லிக் குடுத்ததும் நான். தாத்தாகிட்ட முறையிட்டேன். அவர் அவன் தோள்ல தட்டிட்டு அடுத்த மாசத்துக்கும் பேர எழுதிக்கிட்டார்.

ஜூன் 9, இரவு 9.10

அவன் கீழ ஒரு வரி போட்டிருக்கான் பாருங்க, "வேலி கட்டுறவரையும் ஆரஞ்சு ஜாக்கெட்டையும் குழப்பிக்கிட்டவர் வண்டி நின்னுச்சா இல்லையான்னு எப்படிச் சொல்றார்"னு.

ஜூன் 10, காலை 6.50

நின்னுச்சு. அரை நொடி.

தம்பி, ஞாயித்துக்கிழமை ஏழரைக்கு வேன் கிளம்பும். ரெண்டு ஜோடி சாக்ஸ். பட்டைய நீ இழு, நான் பாத்துக்கிறேன்.